அழுத்தக்காரி

அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளுக்கு அது முதல் ஞாயிற்றுக்கிழமை. கேட்டைத் திறந்த வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"லீவு நாள்ல யாரும்மா வேலைக்கு வருவாங்க?"

"செல்லுக்கெல்லாம் லீவு கிடையாதுங்க. அதுக்குச் சாப்பாடு வைக்கணும்."

அவர் தன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, எதற்கு வம்பு என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அது பழைய கண் ஆஸ்பத்திரி. நோயாளிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய பிறகு கீழ்த்தளத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். மாடிகள் பூட்டிக் கிடந்தன. நீண்ட நடைவழியில் சுவரோரமாக இரும்பு பெஞ்சுகள். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்ததில், ஒவ்வொரு பெஞ்சுக்கு மேலும் சுவரில் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. பினாயில் வாடைக்கு அடியில் காயாத துணியின் வாடை ஒன்று வந்துகொண்டே இருந்தது. நடைவழியின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அங்கேதான் செல் வளர்த்தார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்ததுபோல நின்றது. செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஜன்னல் இல்லாத அறைக்குள் ஒருத்திக்கு அப்பாடா என்றிருந்தால் வீடு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவள் கல்யாணம் முறிந்து வந்தவள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. அவன் ஒருநாள் சாவகாசமாக டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நமக்கு ஒத்துவரலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையையும் ஊரையும் விட்டுவிட்டு, படித்த படிப்பைத் தூசிதட்டி இங்கே வந்து சேர்ந்தாள். எதைக் கேட்டாலும் பாடம் நடத்துவதுபோல விளக்கம் சொல்வதால் லேபில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முறை யாருக்கு என்று கேட்டபோது மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் கையைத் தூக்கினாள். வீட்டில் உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறோம் என்ற எண்ணம்தான்.

வேலை இதுதான். சாதாரணமாக செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். அங்கே அவை பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடக்கும். உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். உடம்பில் இருந்தபோது என்ன வேலை பார்த்தோம் என்பதையே மறந்துவிடும். அதே செல்களை ஜெல் சொட்டுக்குள் விட்டால் கதையே வேறு. நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். உருண்டையாகத் திரளும், நடுவில் குழிவு விடும், பழைய வேலையை மறுபடி செய்ய ஆரம்பிக்கும். இந்த அறையில் இருந்தவை மனிதக் கண்ணீர்ச் சுரப்பியின் செல்கள். மருந்து ஒரு துளி விட்டால், சற்று நேரத்தில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கண்ணீர் நிறையும். வெளியேற வழியில்லாததால் உருண்டை உப்பும். அளவு மீறினால் வெடித்துவிடும். கண் வறண்டுபோன நோயாளிகளுக்கு மருந்து கண்டுபிடிக்க அது உதவும் என்பது பெரிய டாக்டரின் நம்பிக்கை.

பெரிய டாக்டர்தான் லேபுக்குத் தலைவர். வாயைத் திறந்தால் கிண்டல். இறந்தவர்களிடமிருந்து தானமாக வந்த செல்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். ஒருத்தியின் உருண்டைகள் மட்டும் எந்த மருந்துக்கும் அசையவில்லை.

"உசுரோடதான் இருக்கா. நல்லா சாப்பிடறா. ஒரு சொட்டு விடமாட்டேங்கறா. சரியான அழுத்தக்காரி," என்றார்.

"யார் சார் அவங்க?"

"மாடியில வார்டு இருந்தப்ப மாசக்கணக்கா படுத்திருந்தாங்களாம். பார்க்க ஒரு ஈ காக்கா வரலை. நர்ஸ் கெளம்பும்போதெல்லாம் 'கொஞ்ச நேரம் உக்காரும்மா'ன்னு கேப்பாங்களாம். நர்சுக்கு ஆயிரம் வேலை, எங்க உக்கார்றது. கடைசிவரைக்கும் அழுததே இல்லைன்னு சொன்னாங்க." அவரே ஒரு கணம் கிண்டலை மறந்து நின்றார். "மாசக் கடைசிவரைக்கும் பார்ப்போம் டீச்சர். அப்பவும் அசையலைன்னா தூக்கிப் போட்டுடலாம்."

அந்த மாதத்தில்தான் டீச்சர் அந்தத் தப்பைச் செய்தாள்.

உருண்டைக் கண்ணீரை நிஜக் கண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது லேபில் வழக்கம். ஆளுக்கொரு முறை, கீழ் இமையில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் செருகிக்கொண்டு அழ வேண்டும். ஊறிய காகிதத்தை உப்பு நீரில் அலசி ஒரு குழாயில் வைப்பார்கள். மற்றவர்கள் வெங்காயம் கேட்டார்கள். டீச்சருக்கு வெங்காயம் வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையை நினைத்தாலே போதும்.

அன்றைக்கு அவள் கண்ணீர் இருந்த குழாயும் வெறும் உப்பு நீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் ஒரே நிறத்து மூடி. எங்கோ யோசனையாக, அழுத்தக்காரியின் பிளேட்டில் ஜெல் சொட்டுகள் இருந்த சின்னச் சின்னக் குழிகள் வற்றியிருக்க, அவற்றில் தவறான குழாயிலிருந்து விட்டு நிரப்பிவிட்டாள். மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது. ஒருவர் உடம்பிலிருந்து வந்தது இன்னொருவர் செல்லில் படக்கூடாது. பட்டால் பிளேட்டைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் அழுத்தக்காரியின் மற்ற பிளேட்டுகளெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மிச்சம் இது ஒன்றுதான். பாவம், எப்படியும் தூக்கிப் போடத்தானே போகிறார்கள் என்று டீச்சர் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பொழுது போகாமல், இன்குபேட்டருக்குள் இருந்த கேமரா வாரம் முழுக்கத் தானாக எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்தாள். பகல் படங்களில் எல்லாம் வழக்கம்போல இருந்தன. சாயங்காலம் கடைசி ஆள் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு எடுத்த படங்களில், அழுத்தக்காரியின் உருண்டைகள் உப்பியிருந்தன.

மருந்தே விடாமல்.

காலையில் முதல் ஆள் வந்ததும் வடிந்திருந்தன. எல்லா நாளும் அப்படித்தான். பகலில் சோதனை செய்பவர்கள் இரவுப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? டீச்சர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இரும்பு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். உருண்டைகள் உப்பி, மேல்தோல் மெலிந்து, இதோ வெடித்துவிடும் என்பதுபோல நின்றன. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, அவை சுருங்கின.

அவள் பயப்பட்டிருக்க வேண்டும். படித்தவள், அறிவியல் தெரிந்தவள். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கதவு சாத்தும் சத்தத்துக்கு அழுகிறவர்களை அவளுக்குத் தெரியும். அவளே அப்படித்தான் அழுதிருந்தாள், அவன் போன அன்றைக்கு. அதனால் அவளுக்கு வந்தது இரக்கம்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறு முழுவதும் அங்கேயே இருந்தாள். நடைவழியில் உட்கார்ந்து சாப்பிடுவாள், கதவைத் திறந்தே வைத்திருப்பாள். பேச ஆள் கிடைத்துவிட்டதில் பேச்சு கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்களின் அலட்டல், பஸ்ஸில் காலை மிதித்தவன், பள்ளியில் குறும்பு செய்த பிள்ளைகள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளம்பும்போது "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒருத்தி தன்னை எதிர்பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

முதலில் மாறியது உருண்டைகளின் இடம்.

ஜெல்லுக்குள் அவை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரு ஞாயிறு பார்த்தால் எல்லாம் குழியின் ஒரே ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் நாற்காலி இருந்த பக்கம். பிளேட் சாய்ந்திருக்கும் என்று நினைத்து அதைத் திருப்பி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

மறுபடி அவள் பக்கம்.

பிறகு ஒரு வாரநாளில் காய்ச்சல் என்று அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாள் பெரிய டாக்டர் திரையைத் தட்டிக் காட்டினார்.

"நேத்து நாங்க இத்தனை பேர் இங்க இருந்தோம் டீச்சர். காலையிலேர்ந்து அழுத்தக்காரி பொங்கிட்டே இருக்கா. நீங்க வந்ததும் பொட்டிப்பாம்பா அடங்கிட்டா. என்ன மாயம் பண்ணீங்க?"

டீச்சர் சிரிக்க முயன்றாள். அன்றைக்கு ஒப்பீட்டுக்குக் கண்ணீர் கொடுப்பது அவள் முறை. காகிதத் துண்டைச் செருகிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையை நினைத்தாள். டீக் கோப்பையை நினைத்தாள். அவன் செருப்பு மாட்டிய சத்தத்தை நினைத்தாள். மனசு வலித்தது, காகிதம் நனையவில்லை. வெளியே எடுத்தபோது அது மொடமொடப்பாக இருந்தது.

"ஊத்து வத்திப் போச்சா?" என்றார் டாக்டர். பிறகு அவள் கண்ணை விளக்கடியில் பார்த்தவர் கிண்டலை நிறுத்திக்கொண்டார். "எப்பலேர்ந்து இப்படி? கண்ணு சுத்தமா காஞ்சு கெடக்கே."

எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியும். அழுத்தக்காரி அழ ஆரம்பித்த நாளிலிருந்து. அவர் கொடுத்த சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டாள். அது ஒரு பலனும் தரவில்லை. இமைக்கும்போதெல்லாம் மணலைத் தேய்ப்பதுபோல இருந்தது.

தம்பியின் போன் வந்தது ஒரு ஞாயிறு மத்தியானம், அவள் அந்த அறையில் இருக்கும்போது. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவன் குரல் உடைந்தது. "மூக்கெல்லாம் அப்படியே உன்னை மாதிரி."

"டேய்…" போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் மட்டும் எரிந்தது.

"இங்கயே வந்துடுக்கா. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க தனியா யாருக்காக இருக்கே? என் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்றா. கொழந்தைக்கு அத்தை வேணுமாம்."

இப்படி ஒருவர் கூப்பிடுவார் என்று அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். யோசிக்கவே இல்லை. "வந்துடறேன்டா. மொத்தமா வந்துடறேன்," என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

திரையில் அழுத்தக்காரி உப்பியிருந்தாள். அவள் அறைக்குள்ளேயே இருக்கும்போது உப்பியது அதுதான் முதல் தடவை. டீச்சர் அடுத்த பிளேட்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். வேறு வேறு ஆட்களின் செல்கள், வேறு வேறு தட்டுகள்.

எல்லாம் அழுதுகொண்டிருந்தன.

வேலையை விடுவதாகச் சொன்னபோது பெரிய டாக்டர் வருத்தப்பட்டார். மருந்துக்குக் கட்டுப்படாமல் நினைத்தபோதெல்லாம் பொங்கும் செல்லை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால், அழுத்தக்காரியை முடித்துவிடுவது என்று அவரே தீர்மானித்திருந்தார். "கெளம்பறதுக்கு முன்னாடி அதை பிளீச் ஊத்திக் கழிச்சு விட்டுடுங்க டீச்சர். உங்க கையால வளர்ந்தது," என்றார்.

கடைசி ஞாயிறு. பகல்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வாட்ச்மேன் கேட்டருகே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நடைவழியில் கால் வைத்ததும் ஈரத் துணி வாடை முன்பைவிட அழுத்தமாக முகத்தில் அடித்தது. அறைக்குள் போனாள். மைக்ரோஸ்கோப்பில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு அறை விளக்கை அணைக்க வேண்டும். அணைத்தாள்.

லென்ஸில் கண்ணை வைத்தாள். உருண்டைகள் எல்லாம் அவள் பக்கத்து ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒன்றுகூட உப்பவில்லை. அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அவளுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மெதுவாக, பிறர் காதில் விழக்கூடாது என்பதுபோல.

இன்குபேட்டர் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்குபேட்டரைப் பல மாதங்களாக அவளுக்குத் தெரியும். அதற்கு மூக்கு கிடையாது.

திரும்பிப் பார்க்கவில்லை. கையால் துழாவி பிளீச் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

"கொஞ்ச நேரம்…"

காதோரம். மூச்சுக்கூடச் சூடாக இல்லை.

"…உக்காரும்மா."

டீச்சருக்குக் கண்ணீரில்லாமல் அழுகை வந்தது. பயத்தில் பாதி, பரிதாபத்தில் பாதி. உட்கார்ந்திருப்பாள், நிஜமாகவே உட்கார்ந்திருப்பாள், தம்பி கூப்பிட்டிருக்காவிட்டால். வாழ்க்கை முழுக்க இந்த ஜன்னல் இல்லாத அறையில், செத்துப்போன ஒருத்திக்குத் துணையாக. அப்படி ஒரு வாழ்க்கை தனக்கு ஒத்துவந்துவிடும் என்பதுதான் அவளை நடுங்க வைத்தது.

"என்னால முடியாதும்மா," என்று கிசுகிசுத்தாள். "எனக்கும் ஆளுங்க வேணும்."

குழி குழியாக பிளீச்சை விட்டாள். ஒவ்வொரு துளி விழும்போதும் அவள் கண்ணுக்குள் நெருப்பு வைத்ததுபோல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் குழிவரை விட்டாள். விளக்கைப் போட்டபோது அறையில் ஒருவரும் இல்லை. ஜெல் கரைந்து தண்ணீராகியிருந்தது. வாசலில் நின்றவளுக்கு வழக்கம்போல "வரேன்" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "போறேன்" என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாத வார்த்தைதான். இவளிடம் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பி வீடு கலகலவென்றிருந்தது. மாடி அறையில் பெரிய ஜன்னல். தெருவே உள்ளே வந்துவிடும். தம்பி மனைவி ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தையை மடியில் வைத்தார்கள். டீச்சருக்கு அழ வேண்டும்போல இருந்தது. கண் இன்னும் வறண்டுதான் கிடந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி, இவ என்ன கத்து கத்தினாலும் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ஏதாச்சும் கோளாறா இருக்குமோ?"

டீச்சர் சிரித்தேவிட்டாள். உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? "கோளாறெல்லாம் இல்லம்மா. பொறந்த கொழந்தைங்க எல்லாமே கண்ணீர் இல்லாமதான் அழும். சுரப்பி இன்னும் முழிச்சுக்கலை. இன்னும் கொஞ்ச நாள் போகணும்."

"பாத்தியா, அக்கா சொன்னா சரியா இருக்கும்," என்றான் தம்பி.

குழந்தை டீச்சரின் மடியிலேயே தூங்கிப்போனது. அந்தச் சின்னச் சூடு அவள் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கல்யாணம் முறிந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அவள் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மனைவி கை நீட்டினாள்.

"கொடுங்க அண்ணி, நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க. வந்ததுலேர்ந்து உக்காந்தே இருக்கீங்க."

டீச்சர் குழந்தையைக் கொடுத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

மாடிப்படியில் பாதிதான் ஏறியிருப்பாள்.

"அண்ணி, அண்ணி, இங்க வாங்களேன்." தம்பி மனைவியின் குரலில் பயமில்லை, குதூகலம்தான். "நீங்க சொன்னது தப்பு. இவளுக்குத் தண்ணி வருது."

டீச்சர் படியில் நின்றாள்.

"அழக்கூட இல்லக்கா," என்றான் தம்பி. "தூக்கத்துலயே. சும்மா கொட்டுது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கதவைத் திறந்தாள். காயாத துணியின் வாடை.

குழந்தை அம்மாவின் கையில் அசையாமல் கிடந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டையின் கழுத்து நனைந்து போயிருந்தது. டீச்சர் ஓரடி உள்ளே வைத்ததும் வழிவது குறைந்தது.

"பாருங்க, அத்தை வந்ததும் நிக்குது," என்று தம்பி மனைவி பூரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான இருக்கோம், எங்களையெல்லாம் சீந்தவே இல்லை. வந்த அன்னிக்கே அத்தை மேல இவ்ளோ பாசமா?"

தம்பி சிரித்தான். டீச்சர் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

கண்ணீர் வழிந்தது.

"அண்ணி, விளையாடாதீங்க, பாவம்." தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்து, அதன் முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். "அத்தை எங்கயும் போகமாட்டாங்களாம். சொல்லுங்க அண்ணி, சொன்னாத்தான் நிறுத்துவா போல."

குழந்தை கண்ணைத் திறந்தது. அந்த வயதுக் குழந்தைகளின் பார்வை எதிலும் நிற்காது, அலையும். இது அலையவில்லை.

டீச்சர் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் முழுக்கச் சந்தோஷம். அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. அதைக் கேட்ட பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

"போகமாட்டேன்," என்றாள்.

கண்ணீர் நின்றது.